மூன்று ரூபாயும் ஒரு பழைய அட்லாஸும்

பையனுக்கோ பெண்ணுக்கோ பிறந்த நாள் வருகிறது. ஒரு புஸ்தகம் வாங்கிக் கொடுக்கலாமென்று கடைக்குப் போகிறீர்கள். விக்கிரமாதித்தன் கதை ஒரு பக்கம் இருக்கிறது. வினா - விடைப் புஸ்தகம் இன்னொரு பக்கம். மூலையில், சற்றுத் தூசி படிந்த வரிசையில், பெரியோர்களின் வாழ்க்கை வரலாறுகள். அட்டையில் ஒரு தலைப்பாகை அல்லது ஒரு மீசை. "இது நல்ல புஸ்தகம், இதைப் படித்தால் ஒரு கெடுதலும் வராது" என்று தீர்மானித்து, நாலு புஸ்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து விடுகிறீர்கள்.

சற்று நில்லுங்கள். கெடுதல் வராது என்று நீங்கள் நினைப்பது இருக்கட்டும். 'ஒன்றுமே வராது' என்றும் சேர்த்து நினைத்துவிடாதீர்கள். ஜீவிய சரித்திரம் சாதுவைப் போல அலமாரியில் உட்கார்ந்திருக்கும். தகுந்த வயதில் தகுந்த ஆள் கையில் அகப்பட்டால், அது ஆளையே வீட்டை விட்டுக் கிளப்பிக்கொண்டு போய்விடும்!

சந்தேகமிருந்தால் திருவண்ணாமலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மலையைச் சுற்றிக் கிரிவலம் வரும் பாதையிலே, ஊருக்குத் தென்மேற்கே, ரமணாசிரமம் இருக்கிறது. அயல்நாட்டிலிருந்தெல்லாம் ஜனங்கள் தேடிக்கொண்டு வருகிற இடம். அந்த ஆசிரமம் உண்டானதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். அவற்றில் ஒன்று, மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கையில் அகப்பட்ட இரவல் புஸ்தகம்.

இரவல் வந்த புஸ்தகம்

வேங்கடராமன் என்று அவனுக்குப் பெயர். திருச்சுழியில் 1879-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்தான். தகப்பனார் சுந்தரமய்யர் அவ்வூரில் வக்கீல் தொழில் செய்தவர். அவர் 1892-இல் காலமாகிவிடவே, பையன் மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தான். சொக்கப்ப நாயக்கன் தெருவிலே வீடு. படித்தது அமெரிக்கன் மிஷன் பள்ளியில். குஸ்தி, பந்தாட்டம், நீச்சல் இவற்றில் பையன் சூரன். பாடத்தில் சுமார். அப்படிப் பட்ட பையன்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

1895-ஆம் வருஷக் கடைசியில் உறவினரான பெரியவர் ஒருவர் ஊரிலிருந்து வந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று பையன் கேட்டான். அருணாசலத்திலிருந்து என்றார் அவர். பையனுக்கு ஒரே ஆச்சரியம்! அது ரயிலேறிப் போகக்கூடிய ஓர் ஊர் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

அதற்குச் சிறிது காலம் பொறுத்து, சிற்றப்பா யாரிடமோ இரவல் வாங்கி வைத்திருந்த பெரிய புராணம் அவன் கண்ணில் பட்டது. எடுத்துப் புரட்டினான். புரட்டியவன் கீழே வைக்கவில்லை.

பெரிய புராணத்தை நாம் பக்தி நூல் என்று பூஜை அறையில் வைத்துவிட்டோம். ஆனால் அது என்ன? அறுபத்து மூன்று அடியார்களின் வாழ்க்கை வரலாறு! பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் எழுதியது. அதில் ராஜாவும் உண்டு, மந்திரியும் உண்டு. குயவரும் வேடரும் வண்ணாரும் உண்டு. ஊர் பெயர் இருக்கிறது, தொழில் இருக்கிறது, குடும்பத்துச் சண்டை கூட இருக்கிறது. நம்மைப் போல் இந்தத் தமிழ்நாட்டுத் தெருக்களில் நடந்த மனிதர்கள் இப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்கிற புஸ்தகம் அது.

செய்யுளாக இருந்த அதைச் சாமானியரும் படிக்கும்படி வசனமாக எழுதி 1852-இல் அச்சிட்டவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பிள்ளைகளுக்குப் பால பாடங்களும் எழுதியவர் அவர். நாவலர் மறைந்தது 1879 டிசம்பர் 5-ஆம் தேதி. வேங்கடராமன் பிறந்ததும் அதே மாதத்தில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பாடப் புஸ்தகங்களும் பைபிள் பாடங்களும் தவிர, சமய சம்பந்தமாக அந்தப் பையன் அதுவரை படித்தது அந்த ஒன்றுதான். 1896-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது, மரண பயம் வந்து அவனை ஆட்டி வைத்தது. அதிலிருந்து அவன் வேறு ஆளாகிவிட்டான். மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தனியாகப் போய், அறுபத்து மூவர் விக்கிரகங்களின் முன் நெடுநேரம் நிற்கலானான். அவர்களுடைய பக்தியைப் போல் தன் பக்தியும் வளர வேண்டுமென்று வேண்டிக்கொண்டான். புஸ்தகம் ஒன்றே எல்லாவற்றையும் செய்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால், மனிதன் இப்படியும் வாழலாம் என்று அவனுக்கு முன்கூட்டிச் சொன்னது அந்தப் புஸ்தகந்தான்.

இலக்கணப் பாடம் தோற்றது

ஆகஸ்ட் 29-ஆம் தேதி. படிக்காமல் வந்ததற்காக, பெயின் என்பவர் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று தடவை எழுதிவரும்படி ஆசிரியர் தண்டனை விதித்திருந்தார். இரண்டு தடவை எழுதியாயிற்று. மூன்றாவது தடவை எழுதப் போகும்போது, இது எதற்கென்று தோன்றிவிட்டது. புஸ்தகத்தை மூடி வைத்துக் கண்ணையும் மூடிக்கொண்டான். பார்த்துக்கொண்டிருந்த தமையனார், இப்படி இருப்பவனுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்கிற தோரணையில் ஒரு வார்த்தை சொன்னார். பையனுக்கு அதுவும் நியாயமாகவே பட்டது!

ஸ்பெஷல் வகுப்பு இருக்கிறதென்று சொல்லிக் கிளம்பினான். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய் என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் தமையனார். ஐந்து ரூபாயில் மூன்று போதுமென்று கணக்குப் போட்டுக்கொண்டான் பையன். மீதி இரண்டு ரூபாயையும், என்னைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம், சம்பளம் இன்னும் கட்டவில்லை என்ற கருத்தில் ஒரு சீட்டையும் வைத்துவிட்டுப் புறப்பட்டான். சீட்டின் அடியில் கையெழுத்தில்லை, வெறும் கோடுதான்.

மூன்று ரூபாய் போதுமென்று எப்படித் தெரிந்தது? வீட்டில் ஒரு பழைய அட்லாஸ் இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தான். திருவண்ணாமலைக்குக் கிட்டத்தில் இருக்கிற ரயில் நிலையம் திண்டிவனம் என்று அதில் தெரிந்தது. திண்டிவனத்துக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. வாங்கி ஏறிவிட்டான்.

அட்லாஸ் காலை வாரிவிட்டது! விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் கிளை ரயில் பாதை அதற்கு முன்பே போட்டாகிவிட்டது. பழைய படத்துக்கு அது எப்படித் தெரியும்? வண்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி சாகிப்தான், விழுப்புரத்தில் இறங்கி மாறவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

திருச்சியில் அரையணாவுக்கு இரண்டு பேரிக்காய் வாங்கித் தின்றாயிற்று. விழுப்புரத்தில் இறங்கியபோது கையிலிருந்தது இரண்டரை அணா. சாப்பாட்டுக் கடைக்காரர் பையனைப் பார்த்துவிட்டுக் காசு வேண்டாமென்றார். அந்த இரண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரைக்கும் ரயில், அப்புறம் நடை. பத்து மைல் நடந்து அரகண்டநல்லூர். மறுநாள் ஆகஸ்ட் 31, கோகுலாஷ்டமி. கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் வயிறாரச் சாப்பாடு கிடைத்தது. காதிலிருந்த கடுக்கனை அவரிடமே நாலு ரூபாய்க்கு அடகு வைத்தான். செப்டம்பர் முதல் தேதி காலையில் திருவண்ணாமலையில் வந்து இறங்கினான். அதன் பிறகு, 1950-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி ரமண மகரிஷியாக மறையும் வரையில், ஐம்பத்து மூன்று வருஷத்துக்கு மேல் அந்த ஊரை விட்டு அவர் போகவே இல்லை.

அரையணாப் பேரிக்காய் வரையில் நமக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? சேலத்தில் வக்கீலாக இருந்த பி. வி. நரசிம்ம சுவாமி என்பவர் திருவண்ணாமலைக்கு வந்து, சாட்சி விசாரிப்பது போல் எல்லாவற்றையும் விசாரித்து ஆங்கிலத்தில் எழுதினார். அந்த நூல் 1931-இல் வெளிவந்தது. தமிழில் சுத்தானந்த பாரதியார் 'ஸ்ரீ ரமண விஜயம்' எழுதினார்.

புஸ்தகம் வாங்கும் பெற்றோர்களே, இந்த ஒரே பிரயாணத்தில் உங்களுக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. நல்ல வாழ்க்கை வரலாறு பையனை எவ்வளவு தூரமும் கொண்டு போகும். பழசாகிப் போன தகவல் புஸ்தகமோ பாதி வழியில் இறக்கிவிடும். எல்லோருக்கும் வழியில் மௌல்வி சாகிப் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா?

அம்மாவின் கட்சி

இதைப் படிக்கிற தாய்மார்களுக்குக் கோபம் வந்திருக்கும். "பதினாறு வயசுப் பிள்ளை பொய் சொல்லிவிட்டு, அண்ணன் சம்பளப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போனதை நீர் சிலாகித்து எழுதுகிறீரே! பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

தாயார் அழகம்மாள் அழுதபடியே இருந்தார். பிள்ளை இருக்குமிடம் தெரிந்து, 1898-ஆம் வருஷம் டிசம்பரில் திருவண்ணாமலைக்கு வந்தார். பவழக்குன்றில் பிள்ளை மௌனமாக உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் சடை, உடம்பெல்லாம் அழுக்கு. தாயார் தினமும் வந்து, பலகாரம் கொண்டுவந்து வைத்து, கெஞ்சினார், அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் மனம் பொறுக்காமல் பென்ஸிலும் காகிதமும் கொடுத்தார்கள். அவரவர் பிராரப்தப்படிதான் நடக்கும் என்ற கருத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தார் பிள்ளை. தாயார் வெறுங்கையோடு திரும்பினார்.

கதை அத்தோடு முடியவில்லை. 1916-இல் அந்த அம்மாள் தாமே பிள்ளையிடம் வந்து சேர்ந்து, அடியார்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டார். 1922-ஆம் வருஷம் மே 19-ஆம் தேதி, பிள்ளையின் கை தம் நெஞ்சிலும் தலையிலும் இருக்க, அவர் உயிர் பிரிந்தது. அவரை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமமே வளர்ந்தது.

குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். சிலர் பொய்யையும் பணத்தையும் விட்டுவிடுகிறார்கள். சிலர் தாயாரின் கண்ணீரை விட்டுவிடுகிறார்கள். 'ஒரு நாள் அவர் திருவண்ணாமலைக்குச் சென்றார்' என்று ஒரே வரியில் ரயிலேற்றி விடுகிறார்கள். குழந்தைக்கு எது பிடிக்குமோ அது போய்விடுகிறது; குழந்தை எதை யோசிக்க வேண்டுமோ அதுவும் போய்விடுகிறது! அவர் சரித்திரத்தை முழுக்கப் படிக்கிற பையன் ஓடிப்போவதற்கு வழி கற்றுக்கொள்ள மாட்டான். ஒருவர் எடுத்த தீர்மானத்துக்காக இன்னொருவர் எத்தனை வருஷம் அழவேண்டியிருந்தது என்பதையும் அவன் தெரிந்துகொள்வான்.

ராஜாவுக்குத் திதி

திருவண்ணாமலைக் கோயிலுக்குள் வாருங்கள். கிழக்கு ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி, பதினோரு நிலை. கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்து வைக்க, தஞ்சாவூர்ச் செவ்வப்ப நாயக்கர் கட்டி முடித்தது. அதைக் கடந்தால் வல்லாள கோபுரம். யார் இந்த வல்லாள மகாராஜா?

குழந்தைகளுக்கு ஊரிலே சொல்லுகிற கதை இது. வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அண்ணாமலையார் அவருடைய பக்தியைச் சோதித்து, குழந்தையாகவே வந்து மறைந்து, உனக்கு நானே பிள்ளை என்று வாக்களித்தார். எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. வருஷா வருஷம் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, ராஜாவுக்குப் பிள்ளை ஸ்தானத்திலிருந்து திதி கொடுக்கிறார்.

இனிச் சரித்திரம் சொல்வதைக் கேளுங்கள். மூன்றாம் வீர வல்லாளன் ஹொய்சள ராஜா. கர்நாடகத்தில் துவாரசமுத்திரம் அவன் தலைநகர். 1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பில் அடிபட்டவன். பின்பு திருவண்ணாமலையில் வந்து தங்கி அதைத் தன் ராஜதானியாக்கிக் கொண்டான். கன்னடக் கல்வெட்டுகள் இவ்வூரை உண்ணாமலைப் பட்டணம் என்று குறிக்கின்றன. மதுரை சுல்தானோடு கடைசி வரையில் யுத்தம் செய்தான். 1342 வாக்கில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு எண்பது வயதுக்கு மேல் என்றும், அவன் தோலில் வைக்கோலைத் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததைத் தாமே பார்த்ததாகவும் இபின் பதூதா என்ற மொராக்கோ தேசத்து யாத்திரிகர் எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்நிய ஊரில், ஒரு பிடி சாம்பல் கூடக் கிடைக்காமல் போன கிழட்டு ராஜா. அவனுக்குச் சுவாமியே கொள்ளி வைத்துத் திதி கொடுப்பதாகச் சொல்கிற ஊர். சரித்திரத்தை மட்டும் சொன்னால் பையனுக்கு ராத்திரி தூக்கம் வராது. கதையை மட்டும் சொன்னால், பெரியவனானதும் எல்லாம் கட்டுக்கதை என்று சொல்லிவிடுவான். இரண்டையும் தகுந்த வயதில் தகுந்த முறையில் சொன்னால், ஓர் ஊர் ஏன் ஒரு கதையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று அவனே கேட்பான். அந்தக் கேள்வியிலிருந்துதான் சரித்திர ஆசை பிறக்கிறது.

வெங்களத்தூர்க்காரர்

இப்படிப்பட்ட புஸ்தகங்களை எழுதுவது லேசான காரியமா? திருவண்ணாமலை நெடுங்காலம் சேர்ந்திருந்த அதே வட ஆற்காடு ஜில்லாவில், வெங்களத்தூரில், 1895-இல் பிறந்தவர் வெ. சாமிநாத சர்மா. திரு. வி. க.வோடு 'தேசபக்தன்', 'நவசக்தி' பத்திரிகைகளில் உழைத்தவர். பிற்பாடு ரங்கூனுக்குப் போய் 'ஜோதி' என்ற மாதப் பத்திரிகை நடத்தினார். கமால் அத்தாதுர்க், ரூஸோ, கார்ல் மார்க்ஸ் என்று உலகத்துப் பெரிய மனிதர்களின் சரித்திரங்களை, உயர்தரப் பள்ளிப் பையனும் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதினார். ஹிட்லரையும் முஸோலினியையும் கூட விடவில்லை. நல்லவர்களைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, ஜனங்கள் யாரிடம் ஏமாந்தார்கள் என்பதும் தெரிய வேண்டுமல்லவா?

1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. சர்மாவும் மனைவி மங்களம் அம்மாளும், ஆயிரமாயிரம் பேரோடு, காடும் மலையுமாய் நடந்து இந்தியா வந்து சேர்ந்தார்கள். பிறர் சரித்திரத்தை எழுதியவருக்குச் சரித்திரமே வந்து அனுபவம் கொடுத்தது! 'பர்மா வழி நடைப் பயணம்' என்று அதையும் எழுதி வைத்தார். 1978-இல் காலமானார்.

சென்னையில் பாங்கி உத்தியோகம் பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதியவர் அழ. வள்ளியப்பா. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் ஏற்படக் காரணமானவர். பெரிய மனிதர்கள் பெரியவர்களாவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று 'சின்னஞ்சிறு வயதில்' என்றொரு புஸ்தகமே போட்டார். குழந்தை நுழைவதற்கு அதுதானே சரியான வாசல்? பெரிய பதவியும் பட்டமும் எட்டு வயசுக்கு எட்டாது. பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கியது எட்டும்.

உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்தது. தொடர்கதைக்குக் காத்திருப்பது போல் ஒரு கிழவரின் பள்ளிப் பருவத்துக்கு ஜனங்கள் காத்திருந்தார்கள் என்றால் பாருங்கள்! அவர் 1942 ஏப்ரலில் காலமானபோது கதை 1899-ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டது. பன்னிரண்டு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அதைவிட ருசியான புஸ்தகம் தமிழில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வேறு இடங்களிலும் இதே கதைதான். போர்பந்தரில் பிறந்த ஒரு பையன், தகப்பனார் வாங்கி வைத்திருந்த சிரவணனுடைய பித்ருபக்தி நாடகத்தைப் படித்தான். குருட்டுத் தாய் தந்தையரைக் காவடியில் சுமந்த சிரவணன் மனத்தை விட்டு அகலவே இல்லை என்று மகாத்மா காந்தி தம் சுயசரிதையில் சொல்கிறார். நேருவோ, பதின்மூன்று வயசு மகளுக்குப் பிறந்த நாள் பரிசு வாங்கச் சிறையில் கடை ஏது என்று கடிதம் எழுத ஆரம்பித்தார். 1930 அக்டோபர் முதல் 1933 ஆகஸ்ட் வரை எழுதிய 196 கடிதங்கள் உலக சரித்திரமாகிவிட்டன.

கடையில் நிற்கும்போது

மறுபடியும் உங்களைப் புஸ்தகக் கடையில் கொண்டு வந்து நிறுத்துகிறேன். அட்டையைப் பார்த்தது போதும். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரியுங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வருஷம், ஓர் ஊர், ஒரு விலை, ஒரு சாப்பாடு ஏதாவது இருக்கிறதா? இரண்டரை அணா மாதிரி ஏதாவது கையில் தட்டுப்பட வேண்டும். 'அவர் உத்தமர், சத்தியசீலர், கருணைக்கடல்' என்று மட்டுமே இருந்தால் மூடி வைத்துவிடுங்கள். அது வாழ்க்கை வரலாறல்ல, வாழ்த்து மடல்.

அவர் ஒரு தடவையாவது தவறு செய்தாரா, பயந்தாரா, தோற்றாரா என்று பாருங்கள். தோற்காத மனிதரைக் குழந்தைகள் நம்புவதில்லை. அப்புறம், புஸ்தகம் எந்த வருஷத்துப் பதிப்பு என்று முதல் பக்கத்தைப் பாருங்கள். தேசப் படமும் புள்ளி விவரமும் உள்ளதாக இருந்தால் அவசியம் பாருங்கள். பழைய அட்லாஸை மறந்துவிடக் கூடாது!

விலை கட்டாது என்றால் இருக்கவே இருக்கிறது நூல் நிலையம். 1948-ஆம் வருஷத்து சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பலனாக ஊர் ஊருக்கு ஏற்பட்டவை. உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கொடுத்ததற்குப் பிள்ளையை அனுப்பிப் பிரதிப் பிரயோஜனம் அடையலாம் அல்லவா?

கடைசியாக ஒன்று. பையனுக்கு வாங்கிய புஸ்தகத்தை முதலில் நீங்கள் படித்துவிடுங்கள். சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேசுங்கள். சுந்தரமய்யர் வீட்டுப் பிள்ளை பெரிய புராணம் படித்துக் கோயிலில் போய் நின்றதும், மாடியில் மரண பயத்தோடு போராடியதும் அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவன் கிளம்பிப் போனதே சீட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. உங்கள் வீட்டில் நடப்பதைச் சீட்டைப் பார்த்துத்தானா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்?